முதல் போன் யாருக்கு?

சென்னையில் கேன்சரை மறைத்து வைப்பது கஷ்டம். "அடையாறுக்குப் போயிட்டு வர்றாங்களாம்" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், கேட்பவர் அடுத்த நொடி "எங்க வந்திருக்காம்?" என்பார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, பேட்டையின் பெயரையே நோயின் பெயராக்கிவிட்டது. சென்ட்ரல் எதிரே ஜி.எச்., ராயப்பேட்டை, தனியார் ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் லிஃப்டில் பழைய காலனிக்காரர் ஒருவர் நிற்பார். ஆகவே நண்பர்களில் யாருக்கு, எப்போது சொல்வது என்று யோசிக்க அதிக நாள் கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் ஊர் சொல்லிவிடும், அதுவும் தப்புத் தப்பாக.

அதற்காக ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே எல்லோருக்கும் போன் போடவும் வேண்டாம். பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம் போல ஆகும். ஐ.எச்.சி. என்ற கூடுதல் பரிசோதனை கேட்டால் மேலும் சில நாள். பிறகு ஸ்கேன், அதற்குப் பிறகு டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டு. சந்தேகம் எழுந்த நாளிலிருந்து சிகிச்சைத் திட்டம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். இந்த இடைவெளியில் இருபது பேருக்குச் சொன்னால் இருபது பேரும் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஸ்டேஜ்?" உங்களிடம் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் அவரவர் ஒரு பதிலை எழுதிக்கொள்வார்கள். அது சுற்றி வந்து உங்கள் காதிலேயே விழும்.

அந்த மூன்று வாரத்துக்கு, வீட்டுக்கு வெளியே ஒருவர் போதும்.

சாவி வைத்திருக்கும் ஆள்

அந்த ஒருவர் உங்கள் உயிர் நண்பராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயிர் நண்பன் போனிலேயே உடைந்து அழுவான். அவனைத் தேற்றும் வேலையும் உங்கள் தலையில் விழும். வீட்டுக் கல்யாணத்தில் ஸ்டோர் ரூம் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாயைத் திறக்காதவர், கணக்கு தெரிந்தவர், காலை ஏழு மணிக்கு வா என்றால் ஆறே முக்காலுக்கு நிற்பவர். அவருக்குத்தான் முதல் போன். இந்தக் கட்டுரை முழுக்க அவரைச் சாவிக்காரர் என்றே சொல்வோம்.

போன் எடுத்ததும் "வண்டி ஓட்டிட்டு இருக்கியா?" என்று கேளுங்கள். கத்திப்பாராவில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி இல்லை இது. ஓரம் கட்டியதும் நான்கு விஷயம் சொன்னால் போதும்: என்ன தெரிந்தது, என்ன இன்னும் தெரியவில்லை, அவர் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்லக் கூடாது.

"மச்சான், ரிப்போர்ட் வந்துடுச்சு. கேன்சர்தான். எவ்வளவு பரவியிருக்குன்னு ஸ்கேன் பார்த்தாதான் தெரியும். வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஓ.பி.க்கு நீ என்கூட வரணும். இப்போதைக்கு உன் வீட்டுல கூட சொல்லாத."

மூன்றாவது வாக்கியத்துக்கு அடுத்து வரும் அந்த வேலைதான் முக்கியம். வேலை எதுவும் கொடுக்காமல் செய்தியை மட்டும் கொடுத்தால், கேட்டவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பு இரண்டு விதமாக வெளியே வரும்: இன்னொருவரிடம் சொல்வது, அல்லது உங்களுக்கு வைத்தியம் சொல்வது.

ஓ.பி.யில் அவர் வேலை என்ன? ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா. டாக்டர் பேசும்போது நோயாளியின் காதில் பாதிக்கு மேல் ஏறாது. எழுத வேண்டியவர் அவர்தான். கேன்சர் எங்கே தொடங்கியது, எந்த வகை, எந்த ஸ்டேஜ், எத்தனை முறை கீமோ, எத்தனை நாள் இடைவெளி, ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. கடைசியாக, பெரும்பாலானோர் கேட்கத் தயங்கும் ஒன்று: "டாக்டர், இந்த சிகிச்சை குணமாக்குறதுக்கா, கட்டுக்குள்ள வைக்கிறதுக்கா?" இந்தப் பதில் தெரியாமல் நகையை அடகு வைப்பதா, வேலையை விடுவதா என்று எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது கருத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதானால், ரிப்போர்ட் காகிதத்தோடு பயாப்ஸி ஸ்லைடுகளையும், எடுத்த சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். அங்கே போய் நின்ற பிறகு "பிளாக் எங்கே?" என்று திருப்பி அனுப்பினால் அந்த நாள் வீண். கையெழுத்துப் போட்டு பிளாக்கை வாங்கி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் சாவிக்காரர் வேலை.

வீட்டுக்குள் யாருக்கு என்ன தெரியும்

வெளியே சொல்வதற்கு முன் வீட்டுக்குள் கணக்கு நேராக வேண்டும். நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது: நோயாளிக்கு "கட்டி" என்று மட்டும் தெரியும், பிள்ளைகளுக்கு முழுதும் தெரியும், பிள்ளைகளின் நண்பர்களுக்கும் தெரியும். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கதவோரம் நின்று கெஞ்சுவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் கீமோ வார்டில் எதிர்க் கட்டிலில் இருப்பவர் முதல் நாளே சொல்லிவிடுவார். பெரியவருக்குத் தெரிந்துவிட்டது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆறு மாதம் இப்படியே ஓடும். தன் நண்பரிடம் மனம் விட்டுப் பேச அவருக்கு இருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

"உங்களுக்கு இதைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" என்று நோயாளியையே கேட்பது நல்லது. சிலர் "எல்லாம் சொல்லு" என்பார்கள், சிலர் "நீங்களே பார்த்துக்கோங்க" என்பார்கள். இரண்டும் அவர்கள் உரிமை. நண்பர்களில் யார் யாருக்குச் சொல்வது என்பதும் அவர் சொல்ல வேண்டியதே.

குழந்தைகளுக்கு மட்டும் முந்திக்கொள்ள வேண்டும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் செய்தி போன அன்று மாலை, கீழே சைக்கிள் ஓட்டும் இன்னொரு பிள்ளை "உங்கம்மாவுக்கு கேன்சராமே" என்று கேட்டுவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதற்குக் கேன்சர் என்று பெயர், இது நீ அடம்பிடித்ததால் வந்ததில்லை, இது ஒட்டிக்கொள்ளாது, அம்மாவைக் கட்டிப் பிடிக்கலாம்.

அந்த ஒரு மெசேஜ்

திட்டம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே மெசேஜ், ஒரே நாளில். தனித்தனியாகப் போனில் சொல்லிக்கொண்டே போனால் ஆறாவது ஆளுக்குள் தொண்டை அடைத்துவிடும். ஒவ்வொருவரும் கேட்கும் அதே ஐந்து கேள்விக்குப் பதில் சொல்வதே ஒரு நோய். மாதிரிக்கு, பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்கும் ஒருவர் எழுதலாம்:

"எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது உறுதியாகியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ, மொத்தம் 8 முறை. முடிய ஆறு மாதம் ஆகும். போன் எடுக்காவிட்டால் தவறாக நினைக்க வேண்டாம். மெசேஜ் போடுங்கள், தெம்பிருக்கும்போது படிப்பேன். விவரம் எதுவானாலும் கீழே உள்ள எண்ணில் என் நண்பரிடம் கேளுங்கள். ஊரில் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, அங்கே யாரிடமும் பேச வேண்டாம். மருந்து, வைத்தியம், வீடியோ எதுவும் அனுப்ப வேண்டாம். உதவி தேவைப்படும்போது கண்டிப்பாகக் கேட்பேன்."

"பிரார்த்தனை செய்யுங்கள்" என்று சேர்ப்பது அவரவர் விருப்பம். ஸ்டேஜ் எண்ணைப் போடாமல் விடுவது நல்லது. நான்கு என்ற எண்ணைப் பார்த்ததுமே பலர் மனதுக்குள் மாலை வாங்கிவிடுவார்கள். எந்த உறுப்பு, என்ன வகை என்பதைப் பொறுத்து அதே எண் வேறு வேறு பொருள் தரும் என்று யாரும் யோசிப்பதில்லை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பவும் வேண்டாம். அதில் வயது, முகவரி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் இருக்கும், அது எங்கெங்கோ போகும்.

எதில் அனுப்புவது? பழைய பத்தாங்கிளாஸ் குரூப்பில் போட்டால் நூற்றுப் பத்து "கெட் வெல் சூன்" வரும், நடுவில் ஒருவர் குட்மார்னிங் ரோஜாப்பூ போடுவார். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்லது: ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும், பதிலும் தனியாக வரும். ஒரு சிக்கல், உங்கள் எண்ணை போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். போகாதவர்கள் "எனக்கு மட்டும் சொல்லல" என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். இன்னொரு வழி, புது குரூப் தொடங்கி, அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றி, சாவிக்காரரையும் அட்மினாக்கிவிடுவது. ஒவ்வொரு கீமோ முடிந்ததும் அதில் மூன்று வரி போட்டால் போதும். நோயாளிக்குத் தெம்பில்லாத நாளில் சாவிக்காரர் போடுவார்.

பதிலுக்கு வருபவை

"சிகரெட் கூடக் குடிக்க மாட்டியே, உனக்கா?" என்பார்கள். "எங்க பெரியம்மாவுக்கும் இதேதான்" என்று தொடங்கி பெரியம்மா எப்படிப் போனார் என்பதுவரை சொல்வார்கள். எதற்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. "சரி, டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன்" என்ற ஒரு வரி எல்லாவற்றையும் முடித்து வைக்கும்.

கை வைத்தியம் வேறு விஷயம். அதில் ஆபத்து உண்டு. முள் சீத்தா, பப்பாளி இலைச் சாறு, கோதுமைப் புல் ஜூஸ் என்று பாட்டிலில் அடைத்துக் கொண்டே வந்து நிற்பார்கள். கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சாத பச்சைச் சாறு கிருமியைக் கொண்டுவரும். கல்லீரல் ஏற்கனவே கீமோ மருந்தைச் சமாளித்துக்கொண்டிருக்கும். கூடவே இன்னொரு மூலிகை போனால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறவோ இறங்கவோ செய்யலாம். நித்தியகல்யாணியை அரைத்துக் குடிக்கச் சொல்வோரும் உண்டு. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன, உண்மைதான். வின்கிறிஸ்டினை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு பாதிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அம்மியில் அரைத்தால் அந்த அளவை யார் அளப்பது?

வேலையைப் பிரித்துக் கொடுப்பது

"என்ன வேணும்னாலும் சொல்லு" என்று எல்லோரும் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே நோயாளிக்கு இன்னொரு வேலை. அதனால் சாவிக்காரர் நோட்டில் வேலைகளை எழுதி, ஆளுக்கு ஒன்று என்று பெயர் போட்டுவிட வேண்டும். நண்பர்கள் பக்கம் இருப்பவருக்கும் இதே யோசனைதான்: "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி இட்லி கொண்டு வரட்டுமா, புதன்கிழமை பிள்ளையை டியூஷன்ல விடட்டுமா?" என்று கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்பார்கள்.

சாப்பாட்டில்தான் அன்பு அதிகம் வீணாகிறது. நாலடுக்கு கேரியரில் சாம்பார், ரசம், கூட்டு, பாயசம் வரும். மூடியைத் திறந்ததும் பெருங்காயத் தாளிப்பு வாசனை முகத்தில் அடிக்கும், நோயாளி பாத்ரூமுக்கு ஓடுவார். கீமோ முடிந்த முதல் நாலைந்து நாளுக்குத் தாளிப்பு இல்லாத, ஆறிய சாப்பாடு நல்லது. சூடு குறைந்தால் வாசனையும் குறையும். அளவு இரண்டு இட்லி, அல்லது ஒரு டம்ளர் கஞ்சி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. வாயெல்லாம் இரும்பு ருசி என்பவர்களுக்கு எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துவிட்டுப் பீங்கான் கிண்ணமும் பிளாஸ்டிக் ஸ்பூனும் கொடுத்துப் பாருங்கள். வாய்ப்புண் வந்துவிட்டால் மிளகாய், எலுமிச்சை, ஊறுகாய் எல்லாம் போச்சு. ஜவ்வரிசிக் கஞ்சி, குழைந்த பருப்பு சாதம், வேகவைத்த முட்டையை மசித்துக் கொடுப்பது, இவைதான் இறங்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு போட்டுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளிக்கலாம்.

மேலே மெசேஜ் எழுதியவர் போன்றோருக்குப் பெரும்பாலும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து போகும். அது ஏறிய பிறகு சில நாள் குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகுவது போல இருக்கும், ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் ஷாக் அடித்தது போல் இருக்கும். மே மாத வெயிலில் பாசத்தோடு ஐஸ் போட்ட ரோஸ்மில்க் கொண்டு வருபவரிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அதே வெயிலில் இன்னொன்று: சமைத்த சாப்பாட்டை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்கக் கூடாது. வேளச்சேரியில் சமைத்து, வண்டியில் தொங்கவிட்டு, பெரம்பூர் வந்து சேர்வதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். பக்கத்துத் தெரு நண்பர் சமைக்கட்டும். தூரத்து நண்பருக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

ரேடியேஷனுக்கு வண்டி ஓட்டுவது அப்படி ஒரு வேலை. பலருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம் போல, முப்பது தடவை போக வேண்டியிருக்கும். மெஷினில் கால் மணி நேரம்தான், காத்திருப்பதுதான் நீளம். ஒரே ஆள் முப்பது நாள் லீவு போட முடியாது. ஐந்து பேர், ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஆறு தடவைதான் வரும். மெஷின் பழுதானால் நேரம் மாறும், ஆகவே ஆறாவதாக ஓர் ஆள் கைவசம் வேண்டும். வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷனால் நோயாளியிடமிருந்து கதிர் எதுவும் வராது. காரில் பக்கத்தில் உட்காரப் பயப்பட வேண்டாம். தோலில் மார்க்கரால் போட்ட கோடுகள் மட்டும் அழியக் கூடாது.

சிகிச்சைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுந்தால் மழையையும் கணக்கில் எடுங்கள். 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் பல பேட்டைகளிலிருந்து வெளியே வரவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மாடி வீட்டில் இருக்கும் ஒரு நண்பரிடம் "ரெட் அலர்ட்னா இரண்டு நாள் உங்க வீட்ல தங்கறோம்" என்று முன்கூட்டியே பேசி வைப்பது பெரிய உதவி.

ரத்தம், பிளேட்லெட் விஷயத்தில் நண்பர்கள்தான் படை. ரத்தப் புற்றுநோய் என்றால் இது வாரக்கணக்கில் தேவைப்படும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யப்போகிறவர்களுக்கு ரத்த உறவினர் ரத்தம் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பார்கள் டாக்டர்கள். அப்போது ஆபீஸ் நண்பர்களும் காலேஜ் நண்பர்களும்தான் வரிசையில் நிற்க வேண்டும். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. அதனால் ஒரே நாளில் பத்துப் பேர் போய் நிற்பதில் பயனில்லை. பத்துப் பேரையும் குரூப் வாரியாக நோட்டில் எழுதி, இன்று இவர், நாலு நாள் கழித்து அவர் என்று அனுப்ப வேண்டும்.

ஒருவரிடமிருந்து மெஷின் வழியாகப் பிளேட்லெட்டை மட்டும் எடுப்பதை எஸ்.டி.பி. என்பார்கள்; அதற்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. முழங்கை மடிப்பில் நரம்பு நன்றாகத் தெரிய வேண்டும். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுப் போங்கள். பூரி, வடை வேண்டாம், ரத்தத்தில் கொழுப்பு மிதந்தால் எடுக்க மாட்டார்கள். முதலில் சாம்பிள் டெஸ்ட், அது முடிவு வரக் காத்திருப்பு, பிறகு நாற்காலியில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். நடுவில் உதட்டோரம் குறுகுறுக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தை இழுப்பதால் வருவது அது. நர்ஸிடம் சொன்னால் கால்சியம் மாத்திரை தருவார்கள். பயந்து எழுந்து வந்துவிட்டால் கிட்டும் வீண், நாளும் வீண். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வாருங்கள், "லஞ்ச் பிரேக்ல வந்துடறேன்" கதை நடக்காது.

பணம்

இதில்தான் நட்பு முறியும், அதனால் கறாராக இருப்பது நல்லது. கொடுக்கும்போதே கடனா, அன்பளிப்பா என்று சொல்லிவிடுங்கள். "இருக்கும்போது கொடு" என்பது இரண்டும் இல்லை.

வருமான வரிச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானக் கணக்கில் வரும். உறவினர் என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சித்தப்பா மகன் கூட அதில் வரமாட்டார். ஆகவே நாற்பது நண்பர்கள் ஆளுக்கு ஐயாயிரம் என்று நோயாளியின் ஜி-பே எண்ணுக்குப் போடுவதற்கு முன், ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். நோயாளியின் ஆஸ்பத்திரி எண்ணைக் குறிப்பிட்டு நேராக பில் கவுன்டரில் கட்டி, ரசீதைச் சாவிக்காரரிடம் கொடுப்பது கணக்குக்கும் நல்லது, பேச்சு வராமல் இருக்கவும் நல்லது.

நண்பர்களிடம் கை நீட்டுவதற்கு முன் அரசு தருவதை வாங்கிவிட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும் வேலையில், தேவையான காலம் சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்ப் பயன் என்று சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். பழைய வரி முறையில் இருப்பவருக்கு, சிகிச்சைச் செலவுக்காக வருமானத்தில் 40,000 ரூபாய் வரை கழிவு, நோயாளிக்கு 60 வயது என்றால் ஒரு லட்சம் வரை. வெளியூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து போகிறவர்களுக்கு, டாக்டர் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். இத்தனை படிவங்களுக்கும் அலைய, பேங்கிலோ கவர்ன்மென்ட் ஆபீஸிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் கிடைத்தால் அவர் தங்கம். ஆபீஸ் மொழி அவர்களுக்குத்தான் தெரியும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

கீமோ போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த வாரத்தில் போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் சளி, இருமல், வீட்டில் குழந்தைக்கு அம்மை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கை கழுவி, மாஸ்க் போட்டு, இருபது நிமிடம். கட்டிலில் உட்கார வேண்டாம். "இளைச்சுட்டியே" என்று சொல்ல வேண்டாம், அவர் வீட்டில் கண்ணாடி இருக்கிறது. முடி கொட்டும் மருந்தாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடியாகும். அதற்கு முன்பே மொட்டை போட்டுக்கொள்பவர்கள் பலர். தெருவில் கேட்பவர்களிடம் "திருப்பதி" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அந்த வசதி பெண்களுக்கும் நம் ஊரில் இருக்கிறது. கூட சலூனுக்குப் போகும் நண்பர் தானும் மொட்டை போட வேண்டும் என்பதில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

நீங்கள் இருக்கும்போது உடம்பு சுட்டால், தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால், டோலோ கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமி ரத்தத்தில் பரவிக்கொண்டே இருக்கும். அந்த ராத்திரி எண்ணுக்குப் போன் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், மணி இரண்டானாலும்.

நாலாவது கீமோ

முதல் வாரம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவியும். நாலாவது கீமோவில் வாசலில் செருப்பு இருக்காது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வீட்டில் பரீட்சை, இ.எம்.ஐ., மாமியார். ஆனால் உடம்பு தளர்வதும் மனம் சோர்வதும் அப்போதுதான். அதனால் முதல் வாரமே எல்லோரையும் பயன்படுத்திவிடாதீர்கள். "உங்களை ஐந்தாவது கீமோவுக்கு வெச்சிருக்கேன்" என்று சாவிக்காரர் சிலரை ஒதுக்கி வைக்கட்டும்.

சிலர் செய்தி கேட்ட நாளிலிருந்தே காணாமல் போவார்கள். பெரும்பாலும் பயம், தங்கள் வீட்டில் யாரையோ இதே நோய்க்குக் கொடுத்தவர்களாக இருக்கும். விரட்டிப் பிடிக்க வேண்டாம். எட்டு மாதம் கழித்து வந்து நின்றால் காபி கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். பகலில் சிரித்துப் பேசிவிட்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கும், துணையிருப்பவருக்கும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேச ஆள் உண்டு.

சிகிச்சை பலிக்கவில்லை என்று டாக்டர் சொல்லும் நாளும் சிலருக்கு வரும். அப்போது குரூப்புக்குப் போகும் மெசேஜ் சின்னதாக இருக்கலாம்: "கீமோவை நிறுத்திவிட்டோம். இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை. மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம், ஒரு சமயத்தில் இரண்டு பேர்." வலி நிவாரண சிகிச்சையில் மார்ஃபின் கொடுப்பார்கள், "அது பழக்கமாயிடும்" என்று வாசலில் நின்று கிசுகிசுப்பவரைச் சாவிக்காரர் தெருமுனை வரை கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். உள்ளே வருபவர்கள் ஹாஸ்டல் கதை பேசலாம், சி.எஸ்.கே. மேட்ச் போடலாம். அவரே நோயைப் பற்றிப் பேசினால் கேளுங்கள், பேச்சை மாற்றாதீர்கள்.

சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் இருக்கும். ஊர் மறந்துபோயிருக்கும், அவர் மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே தூக்கம் கெட்டுத் திரிவார். ஸ்கேன் எடுத்து ரிசல்ட் வரும்வரை உள்ள அந்த இரண்டு நாளைச் சாவிக்காரர் தன் காலண்டரில் முன்பே வட்டம் போட்டு வைத்திருப்பார். காலை ஏழு மணி ஓ.பி.க்கு அந்த நாற்பது பக்க நோட்டோடு ஆறே முக்காலுக்கு வந்து நிற்பார்.